சில்வராடோ 5.3 எஞ்சினில் நாக் சென்சார் கோடு: கழற்றும் முன் அளக்க வேண்டியது, கழற்றிய பின் அடைக்க வேண்டியது

கேள்வியின் சாரம் இது: 2003 செவ்ரலே சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. கோடு ரீடர், அதாவது வண்டியின் கோளாறு எண்களைப் படிக்கும் கருவி, பி0327, பி0332 என்ற இரண்டு கோடுகளைக் காட்டுகிறது. டிரெய்லர் இழுத்து மேடு ஏறினால் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கிறது. கடையில் இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேல்பாகத்தை, கழற்றி இரண்டு நாக் சென்சாரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். வீட்டிலேயே செய்ய முடியுமா, அதற்கு முன் எதையாவது சோதிக்க முடியுமா?

முடியும். ஒரு முழு நாள் ஒதுக்கி, அவசரப்படாமல் செய்தால் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலைதான். சோதனையும் மேனிஃபோல்டைத் தொடாமலே பாதிக்கு மேல் நடந்துவிடும். ஆனால் இந்த எஞ்சினில் நாக் சென்சார் தானாகக் கெட்டுப்போவது குறைவு, அதைக் கெடுப்பது தண்ணீர். தண்ணீருக்கு வழி பண்ணாமல் புது சென்சாரை மட்டும் போட்டால், சில மழைக்காலம் கழித்து அதே கோடு அதே இடத்தில் வந்து நிற்கும்.

முதலில் சென்சார் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் சோதனை முழுவதும் அதில்தான் நிற்கிறது. சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் பற்றவைத்த நெருப்பு பரவி முடிவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக். அந்த வெடிப்பில் சிலிண்டர் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும். இந்த எஞ்சினின் 96 மி.மீ. சிலிண்டர் விட்டத்துக்கு அது சுமார் 6 கிலோஹெர்ட்ஸ். சென்சாருக்குள் இருக்கும் பீசோ படிகம் அந்த அதிர்வை மில்லிவோல்ட் மின்சாரமாக மாற்றி எஞ்சின் கம்ப்யூட்டருக்கு, அதாவது பிசிஎம்முக்கு அனுப்பும். பிசிஎம் உடனே ஸ்பார்க் டைமிங்கை, அதாவது பிளக் பற்றவைக்கும் நேரத்தை, சில டிகிரி பின்னுக்கு இழுக்கும். நாக் நின்றதும் மெல்ல முன்னே விடும்.

சென்சாரிடமிருந்து சரியான செய்தி வரவில்லை என்று பிசிஎம் முடிவு செய்துவிட்டால், காது கேட்காத நிலையில் ஆபத்தை வாங்க விரும்பாமல் டைமிங்கைப் பாதுகாப்பான அளவுக்குப் பின்னே வைத்து ஓட்டும். நீங்கள் சொல்லும் பிக்கப் குறைவும் மைலேஜ் குறைவும் அங்கிருந்துதான் வருகின்றன. எஞ்சின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதற்காக மாதக்கணக்கில் அப்படியே ஓட்டவும் வேண்டாம், முக்கியமாக டிரெய்லரோடு. நிஜமாகவே நாக் வந்தால் அதைக் கேட்க ஆள் இல்லை.

இந்தத் தலைமுறை டிரக் எஞ்சின்களில், அதாவது 1999-இலிருந்து 2007 வரை வந்த 4.8, 5.3, 6.0 லிட்டர் வகைகளில், இரண்டு சென்சார்களும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். பள்ளத்தை மூடியிருக்கும் அலுமினியத் தகட்டில் இரண்டு வட்ட ஓட்டை, அதற்குள் கிணறு மாதிரி இறங்கி பிளாக்கில் திருகப்பட்ட சென்சார், மேலே ஒரு ரப்பர் மூடி. எஞ்சின் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து சாய்ந்தே பொருத்தப்பட்டிருப்பதால், மேலே விழும் தண்ணீரெல்லாம் பின்பக்கம் ஓடி அந்தப் பின்கிணற்றுக்குப் பக்கத்தில் தேங்கும். ரப்பர் நாளாக நாளாக இறுகி விளிம்பில் இடைவெளி விடும். பிறகென்ன, கிணற்றில் தண்ணீர்தான். 2007-இல் வந்த அடுத்த தலைமுறை எஞ்சினில் சென்சார்களைப் பிளாக்கின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பழைய இடம் எவ்வளவு தொல்லை கொடுத்தது என்பதற்கு அதுவே சாட்சி என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் வண்டியில் எந்த எஞ்சின் என்பதை வின் எண்ணின் (வண்டியின் அடையாள எண்) எட்டாவது எழுத்தில் பாருங்கள். டி என்றால் சாதாரண 5.3, இசட் என்றால் எத்தனாலும் ஏற்கும் 5.3. சென்சார் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் பாகம் வாங்கும்போது இந்த எண்ணைச் சொல்லியே வாங்குங்கள்.

இனி சோதனை. பி0327 முதல் சென்சார் சுற்று, பி0332 இரண்டாவது சென்சார் சுற்று. இரண்டும் சொல்வது ஒன்றே: சிக்னல் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. சென்சார் செத்துவிட்டது என்று எந்தக் கோடும் சொல்வதில்லை. கம்பி அறுந்தாலும், பிளக் பச்சை பிடித்தாலும், சென்சாரின் திருகில் துரு ஏறி பிளாக்கோடு மின்தொடர்பு விட்டுப்போனாலும் இதே கோடுதான் வரும். இந்த சென்சாருக்கு ஒரே ஒரு கம்பி, திரும்பும் பாதை எஞ்சின் பிளாக்கே. அதனால் துரு இங்கே இரட்டை எதிரி. உங்களுக்கு இரண்டு கோடும் சேர்ந்து வந்திருப்பதைக் கவனியுங்கள். பின் சென்சார் மட்டும் தண்ணீரில் செத்திருந்தால் பெரும்பாலும் ஒரு கோடு மட்டும் வரும். இரண்டும் ஒன்றாக வந்தால், இரண்டுக்கும் பொதுவான குட்டிக் கம்பித் தொகுப்பின் மேலும் அதன் பிளக்கின் மேலும் என் சந்தேகம் முதலில் போகும். பி0325-ம் கூட வந்திருந்தால் பிசிஎம்மையும் அதன் கனெக்டரையும் பார்க்காமல் மேனிஃபோல்டில் கை வைக்காதீர்கள்.

கோடுகளை அழிக்கும் முன் ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் விழுந்தது என்பது உதவும். பிறகு அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மழைக்குப் பிறகோ, எஞ்சின் அறையைத் தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகோ திரும்ப வந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

அடுத்து மல்டிமீட்டர். எஞ்சின் ஆறியிருக்கட்டும், சாவி ஆஃப். மேனிஃபோல்டின் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி, இரண்டு கம்பி உள்ள ஒரு சின்ன பிளக் இருக்கும். வண்டிப் பக்கத்துக் கம்பிகளில் ஒன்று கரும் நீலம், மற்றது வெளிர் நீலம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு கைவிரலால்தான் தேட வேண்டும். பிளக்கைப் பிரித்து, சென்சார் பக்கம் போகும் ஒவ்வொரு முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் அளங்கள். நல்ல சென்சார் 93 முதல் 107 கிலோ ஓம் வரை காட்டும். மீட்டர் எதையுமே காட்டாமல் முடிவிலி என்றால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. கம்பியாகவும் இருக்கலாம், சென்சாராகவும் இருக்கலாம், மேனிஃபோல்டைத் தூக்கினால்தான் தெரியும். சில நூறு ஓம் என்றால் உள்ளே எங்கோ ஷார்ட், அல்லது கிணற்றில் அழுக்குத் தண்ணீர் பாலம் கட்டியிருக்கிறது.

பிறகு சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட விடாமல், வண்டிப் பக்கத்து முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 5 வோல்ட் வர வேண்டும். அது பிசிஎம் அனுப்புவது. பிளக்கை மறுபடி மாட்டி பின்னாலிருந்து ஊசி நுழைத்து அளந்தால் அது சுமார் 2.5 ஆக இறங்க வேண்டும், ஏனென்றால் சென்சாரின் 100 கிலோ ஓமும் பிசிஎம்முக்குள் இருக்கும் ரெசிஸ்டரும் அதைப் பாதியாகப் பங்கு போடுகின்றன. பிளக்கைப் பிரித்த நிலையிலேயே 5 வோல்ட் இல்லையென்றால் சென்சாருக்குப் பாவம் எந்தப் பங்கும் இல்லை. பிசிஎம் வரை போகும் கம்பியைத் தடவிப் பாருங்கள், எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் சேர்த்து. இந்த எஞ்சின்களின் பள்ளம் எலிகளுக்குப் பிடித்த பிரசவ வார்டு.

ரெசிஸ்டன்ஸ் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையென்றால் மீட்டரை ஏசி மில்லிவோல்டில் வைத்து, சென்சார் பக்க முனையைத் தொட்டபடி பிளாக்கில் ஒரு சாக்கெட் எக்ஸ்டென்ஷன் தண்டால் இன்னொருவரை மெல்லத் தட்டச் சொல்லுங்கள். உயிருள்ள சென்சார் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துடிப்பு காட்டும். அளவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அசைவு இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

சிலர் எஞ்சினில் டொக்டொக் என்று சத்தம் கேட்கிறது, கோடும் வருகிறது, அதனால் நாக் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த எஞ்சின்களில் வெளியே கேட்கும் சத்தத்துக்கு வேறு இரண்டு பிரபலமான காரணங்கள் உண்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட் தலை முறிந்து வாயு கசிவது ஒன்று. காலையில் டிக் டிக் என்று கேட்டு எஞ்சின் சூடானதும் குறையும். பிஸ்டன் குளிரில் ஆடுவது இன்னொன்று. இரண்டுக்கும் உங்கள் கோடுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

சோதனையில் சென்சார் பக்கம்தான் கோளாறு என்று உறுதியானால் வாங்க வேண்டியவை: இரண்டு சென்சார், அவற்றை இணைக்கும் குட்டிக் கம்பித் தொகுப்பு, இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட் செட். கம்பித் தொகுப்பை விட்டுவிடாதீர்கள். விலை மிச்சம் பிடிக்க நினைத்துப் பழைய கம்பியையே மாட்டுகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப இதே கேள்வியைக் கேட்கிறார்கள். சென்சாரில் ஏசிடெல்கோ போன்ற அசல் தரத்தையே வாங்குங்கள். சென்சாரின் விலையைவிட அதை எட்டுவதற்கான உழைப்புதான் பெரிது, மலிவுப் பெட்டியிலிருந்து ஒன்றைப் போட்டு மறுபடி மேனிஃபோல்டைத் தூக்குவதில் என்ன லாபம்? ஆயில் பிரஷர் சென்சாரும் அதே பள்ளத்தின் பின்கோடியில்தான் இருக்கிறது. அதுவும் இந்த வண்டிகளில் அடிக்கடி போகும், முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழும் அல்லது உச்சியில் ஒட்டிக்கொள்ளும். மேனிஃபோல்ட் வெளியே இருக்கும்போது அதை மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை, பிறகு மாற்றுவது சாபம்.

கழற்றும் வேலையில் விசேஷம் அதிகமில்லை. பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள். ஃப்யூயல் ரயிலில் உள்ள வால்வை ஒரு துணியால் மூடி அழுத்தி பிரஷரை இறக்குங்கள். பக்கத்தில் சிகரெட், பல்பு, ஹீட்டர் எதுவும் வேண்டாம். ஏர் டக்ட், த்ராட்டில் பிளக், எட்டு இன்ஜெக்டர் பிளக், பிரேக் பூஸ்டர் வேக்குவம் ஹோஸ், பிசிவி ஹோஸ், பின்னால் உச்சியில் இருக்கும் மேப் சென்சார் பிளக் எல்லாம் வரும். இருபது வருஷத்து பிளாஸ்டிக் லாக் தொட்டால் உடையும், நிதானம் தேவை. ஒவ்வொன்றையும் பிரிக்கும் முன் போனில் படம் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் குழாய் உங்கள் 2003-இல் போவதற்கு ஒன்று, திரும்பி வருவதற்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். அதைப் பிரிக்கத் தனி பிளாஸ்டிக் டூல் உண்டு, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். ஃப்யூயல் ரயிலை மேனிஃபோல்டிலிருந்து கழற்றத் தேவையில்லை, சேர்த்தே தூக்கலாம். மேனிஃபோல்டுக்குள் கூலன்ட் ஓடாத அமைப்பு என்பதால் ரேடியேட்டரை வடிக்க வேண்டாம். த்ராட்டில் பாடிக்குக் கூலன்ட் ஹோஸ் போகும் வண்டியாக இருந்தால் மட்டும் அதைப் பிரித்து அடைத்துக்கொள்ளுங்கள்.

பத்து போல்ட், 8 மி.மீ. சாக்கெட். தூக்கும் முன் சுற்றியுள்ள மண், இலை, எலிக்கூடு எல்லாவற்றையும் காற்றடித்தும் வேக்குவம் வைத்தும் சுத்தம் செய்யுங்கள். இதில்தான் நிறையப் பேர் சோம்பல் படுகிறார்கள். மேனிஃபோல்டை எடுத்ததும் எட்டு இன்டேக் துளைகளும் வாயைத் திறந்து நிற்கும், அதற்குள் ஒரு கல் விழுந்தாலும் நாக் சென்சார் வேலை எஞ்சின் வேலையாகிவிடும். எடுத்த அடுத்த நொடி துணியோ டேப்போ வைத்து மூடுங்கள்.

இப்போது பள்ளம் கண்ணுக்குத் தெரியும். முன் சென்சாரின் ரப்பரைத் தூக்கினால் அநேகமாக உலர்ந்து, சாம்பல் நிறத்தில், புதிது போலவே இருக்கும். பின் ரப்பரைத் தூக்குங்கள். பெரும்பாலான வண்டிகளில் அடியில் செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர், அல்லது அது வற்றிய பின் மிஞ்சிய துருப் பொடி. சென்சாரின் அறுகோணத் தலை விளிம்பு தேய்ந்து உருண்டையாகியிருக்கும், நடுவில் இருக்கும் முனை பச்சையாகப் பூத்திருக்கும். கம்பியை இழுத்தால் முனை கையோடு வந்துவிடுவதும் உண்டு. அதைப் பார்த்தபின் மல்டிமீட்டர் ஏன் முடிவிலி காட்டியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் எண்ணெய் இருந்தால் கதை வேறு. பள்ளத்து மூடித் தகட்டின் சீல் கசிகிறது, அதையும் கழற்றிக் கேஸ்கட் போட வேண்டும்.

தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, துரு பிடித்த சென்சாரைச் சுற்றி பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு முடிந்தால் இரவு முழுக்க ஊற விடுங்கள். 22 மி.மீ. ஆழமான சாக்கெட், நீளமான ராட்செட், நிதானமான இழுப்பு. இம்பாக்ட் கன் வேண்டாம். வெளியே வந்ததும் பிளாக்கின் திருகையும் சென்சார் உட்காரும் முகத்தையும் கம்பி பிரஷால் பளபளப்பாக்கி, பொடியை வேக்குவம் செய்யுங்கள். உலோகம் உலோகத்தோடு ஒட்டி நின்றால்தான் அதிர்வும் போகும், மின்சாரமும் போகும். அதனால் திருகில் டெஃப்ளான் டேப், சீலன்ட் எதுவும் சுற்றக் கூடாது.

புது சென்சாரைக் கையால் திருகி, டார்க் ரெஞ்சில் 15 ஃபுட் பவுண்டு, அதாவது 20 நியூட்டன் மீட்டர். இந்த எண்ணை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிகம் இறுக்கினால் உள்ளேயுள்ள படிகம் அழுத்தப்பட்டு இல்லாத நாக்கைக் கேட்கும் அல்லது இருப்பதைக் கேட்காது. தளர்வாக விட்டாலும் அதே கதி. கீழே தவறிப் போட்ட சென்சாரைப் பொருத்தாதீர்கள், வெளியே கீறல் இல்லாவிட்டாலும்.

அடுத்தது இந்த வேலையின் உயிர்நாடி. பின்கிணற்றைச் சுற்றி ஆர்டிவி சிலிகானால் (தானாக இறுகும் சீலன்ட்) ஒரு தாழ்வான கரை கட்டுங்கள், குதிரை லாட வடிவில், திறந்த பக்கம் வண்டியின் பின்னால் பார்த்து. முன்னாலிருந்து ஓடி வரும் தண்ணீர் கரையில் மோதிப் பக்கவாட்டில் விலகிப் போகும், உள்ளே ஏறியது பின்வழியாக வடியும். ஜெனரல் மோட்டார்ஸே தன் டீலர்களுக்கு அனுப்பிய சேவைக் குறிப்பில் பின் சென்சாருக்கு இப்படிக் கரை கட்டச் சொல்லியிருக்கிறது. ஓட்டை முழுவதையும் சிலிகானால் அடைத்து மூடுகிறவர்களும் உண்டு. நான் அதைச் சொல்லமாட்டேன், உள்ளே குளிர்ந்து படியும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். கரை மேனிஃபோல்டின் அடிப்பாகத்தில் இடிக்காத உயரத்தில் இருக்கட்டும், சிலிகான் தோல் கட்டும்வரை காத்திருங்கள்.

மேனிஃபோல்டின் பழைய ரப்பர் கேஸ்கட்டைப் பிடுங்கிவிட்டுப் புதிதைக் காடியில் அழுத்துங்கள். பழையது சப்பையாகி இறுகிப் போயிருக்கும். காலைக் குளிரில் காற்று கசிந்து, கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171, பி0174 கோடு வருவதும் அதனால்தான். ஹெட்டின் முகத்தைத் துடைத்து, துணிகளை எண்ணி எடுத்து (எத்தனை வைத்தீர்களோ அத்தனையும் வெளியே வர வேண்டும்), மேனிஃபோல்டை நேராக இறக்குங்கள். குட்டிக் கம்பியின் பிளக் அடியில் மாட்டிக்கொள்ளாமல் பின்னால் இழுத்து வையுங்கள். போல்டின் திருகில் ஒரு சொட்டு த்ரெட் லாக்கர். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, மாறி மாறி, முதல் சுற்றில் 44 இன்ச் பவுண்டு, இரண்டாம் சுற்றில் 89 இன்ச் பவுண்டு. இன்ச் பவுண்டு, ஃபுட் பவுண்டு இல்லை. பிளாஸ்டிக் மேனிஃபோல்ட், அலுமினிய ஹெட், இரண்டுமே பலம் காட்டுவதற்கான இடம் அல்ல.

எல்லாம் மாட்டியபின், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று தடவை ஆன், ஆஃப் செய்து ஃப்யூயல் குழாய் இணைப்புகளில் கசிவு பாருங்கள். பின்பக்க பிளக்கில் மறுபடி ரெசிஸ்டன்ஸ் அளந்து 100 கிலோ ஓம் பக்கம் வருகிறதா என்று உறுதி செய்துகொண்டு மாட்டுங்கள். கோடுகளை அழித்துவிட்டு ஓட்டுங்கள். ஸ்கேனரில் நாக் ரிடார்டு என்ற எண்ணை, அதாவது நாக்குக்காக டைமிங் எத்தனை டிகிரி பின்னுக்குப் போகிறது என்பதை, பார்த்தபடி ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால், நேராக ஓடும்போது பூஜ்யமாகவும் பாரத்தில் அவ்வப்போது ஓரிரு டிகிரி எட்டிப் பார்ப்பதாகவும் இருந்தால் காது திரும்ப வந்துவிட்டது. விடாமல் பெரிய எண்ணாக நின்றால் இப்போது சென்சார் உண்மையைச் சொல்கிறது என்று அர்த்தம். 87 ஆக்டேனுக்குப் பதில் ஒரு டேங்க் உயர்ந்த ஆக்டேன் போட்டுப் பாருங்கள். குறைந்தால் சிலிண்டரில் கரி, அல்லது எஞ்சின் சூடு அதிகம். குறையாவிட்டால் எதாவது பிராக்கெட்டோ ஹீட் ஷீல்டோ பிளாக்கில் தட்டி சென்சாரை ஏமாற்றுகிறது.

இரண்டு குறுக்கு வழி உங்கள் காதுக்கு வரும். பிளக்கில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சொருகி பிசிஎம்மை ஏமாற்றுவது ஒன்று. ரெசிஸ்டன்ஸ் சரியாக இருந்தாலும் அதிர்வின் இரைச்சல் வராததால் பிசிஎம் ஏமாறாமல் போகலாம், ஏமாந்தால் இன்னும் மோசம், காவல் இல்லாமல் முழு டைமிங்கில் ஓடும். சென்சாரைப் பிளாக்கின் வெளிப்பக்கத் துளைக்கு மாற்றுவது மற்றொன்று. தண்ணீர்ப் பிரச்சினை தீரும்தான், ஆனால் பிசிஎம்மின் கணக்கு பள்ளத்தில் கேட்கும் ஒலிக்குப் போடப்பட்டது. டிரெய்லர் இழுக்கும் வண்டியில் நான் அதைச் செய்யமாட்டேன்.

கடைசியாகத் தண்ணீர் வந்த வழி. விண்ட்ஷீல்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவுலின் ரப்பர் கிழிந்திருக்கிறதா, அதன் வடிகாலை இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மழைநீர் அங்கிருந்து நேராக மேனிஃபோல்டின் பின்பக்கம் இறங்கும். எஞ்சினைக் கழுவுவதாக இருந்தால் பிரஷர் வாஷரை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள், நனைத்த துணியால் துடைத்தால் போதும்.